அழகு றிம்மை ஏப்ரல் வரை கழற்றி வையுங்கள்

ரொறொன்ரோவிலும் அதைச் சுற்றியும் ஸ்போர்ட்ஸ் கார் ஓடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்டன் என்று எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் இப்போது நம்முடைய வீட்டு வாசல்களில் ஒரு சுபாரு பி.ஆர்.இசட், ஒரு மஸ்டாங், ஒரு மியாட்டா நிற்கிறது. படித்து முடித்து, வேலை எடுத்து, வீட்டில் சண்டை பிடித்து வாங்கிய கார்கள். "இரண்டு கதவுள்ள கார் ஆருக்கு?" என்று அம்மா கேட்டிருப்பா. அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம்தான். இந்த மடல் நவம்பரைப் பற்றியது.

ஒவ்வொரு ஒக்ரோபரிலும் ஒரே பேச்சு காதில் விழுகிறது. "அண்ணை, வின்டர் டயர் விலை கேட்டன், தலை சுத்திப் போச்சு. இந்த முறை கவனமா ஓடிச் சமாளிப்பம்." எந்த அளவில் விலை கேட்டாய் என்றால், காரில் இப்போது இருக்கும் அதே 18 அங்குலம், அதே 19 அங்குலம். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. குளிர்காலத்துக்கு உங்கள் காருக்குத் தேவை அதைவிடச் சின்ன றிம்மும் அதைவிட ஒடுங்கிய டயரும். அது மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பனியில் பிடிப்பதும் அதுதான். பணமும் பாதுகாப்பும் ஒரே திசையில் நிற்பது கார் விஷயத்தில் மிக அபூர்வம். குறுக்கே நிற்பது தோற்றம் ஒன்றுதான்.

முதலில் காரில் என்ன டயர் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பி.ஆர்.இசட், டொயோட்டா 86 வாங்கியவர்களில் பலர் தங்கள் டயர் எல்லாப் பருவத்துக்குமானது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 17 அங்குல றிம்மோடு வந்த கார்களில் கம்பனி போட்டது மிஷெலின் பிரைமசி எச்.பி. பார்ப்பதற்கு வீட்டுக் கார் டயர் மாதிரிச் சாதுவாக இருக்கும். ஆனால் அது கோடை டயர். 86-இன் அடுத்த தலைமுறையான ஜி.ஆர்.86-இல், 18 அங்குலத்தோடு வந்ததில் இருப்பது பைலட் ஸ்போர்ட் 4. அதுவும் கோடை டயர்தான், இன்னும் தீவிரமானது. கோடை டயரின் ரப்பர் சூட்டில் இளகிப் பிடிப்பதற்காகக் கலந்தது. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க அது விறைக்கத் தொடங்கும். 7 என்பது ஒரு சுவிட்ச் அல்ல, தொழிலில் எல்லோரும் வைத்துக்கொண்ட ஒரு கோடு. உறைநிலைக்கும் நன்றாகக் கீழே போனால் சில கோடை டயர்களின் ரப்பர் வெடிக்கவும் கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பனி விழாத, காய்ந்த, உப்புப் பூத்த 401 பெருந்தெருவிலும் அந்த டயர் விறைத்த டயர்தான். "பனி விழுந்தால் காரை எடுக்க மாட்டேன்" என்பவர்களுக்கு இது போதிய பதில்.

"என்னுடையது டபிள்யூ.ஆர்.எக்ஸ், நாலு சில்லும் இழுக்கும்" என்பது அடுத்த வாதம். நாலு சில்லும் இழுப்பது புறப்படுவதற்கு உதவும். நிற்பதற்கு எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும் பிரேக் இருக்கிறது, அதில் உங்களுக்கு மேலதிகமாக ஒன்றும் கிடைக்காது. சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு ஏற்பாடுகளும் அப்படியே. இருக்கிற பிடியைப் பங்கிட்டுக் கொடுக்க அவற்றால் முடியும், இல்லாத பிடியை உண்டாக்க முடியாது. ப்ளஃபர்ஸ் பார்க்குக்கு இறங்கும் பிரிம்லி வீதிச் சரிவை எல்லோருக்கும் தெரியும். கோடையில் படம் எடுக்கப் போகும் இடம். ஜனவரியில் அந்தச் சரிவின் பாதியில் பிரேக்கை அழுத்தி, ஏ.பி.எஸ். கடகடவென்று அடிக்க, கார் பாட்டுக்கு ஏரியை நோக்கி இறங்கும்போது எத்தனை சில்லு இழுக்கிறது என்பது பேச்சே இல்லை.

இனி அளவு. நான் நன்றாக அறிந்த காரை எடுத்துக்கொள்கிறேன்: பி.ஆர்.இசட்டும் அதன் உடன்பிறப்பான 86-உம். 17 அங்குல டயரின் அளவு 215/45 ஆர்17. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை வீதம் என்பது. கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 625 மி.மீ. இப்போது 205/55 ஆர்16 என்ற அளவை எடுங்கள். விட்டம் 632 மி.மீ. வித்தியாசம் ஒரு வீதம். வேகமானியும் மின்னணு மூளையும் அதைக் கண்டுகொள்ளா. 18 அங்குலத்தோடு வந்த காருக்கு வித்தியாசம் அதிலும் குறைவு. முதல் தலைமுறை 86-ஐ ஜப்பானில் விற்றபோது கீழ்ப்படி மாடல்களுக்கு டொயோட்டாவே போட்ட அளவு இந்த 205/55 ஆர்16-தான். ஆகவே இது ஒட்டுவேலை அல்ல.

இந்த அளவின் அருமை என்னவென்றால், ஊரில் பாதிக் கார்கள் இதைத்தான் போடுகின்றன. சிவிக், கொரோலா, ஜெட்டா, மஸ்டா 3 என்று எத்தனையோ வருடங்களாக எத்தனையோ மாடல்களின் அளவு இது. எல்லாக் கம்பனியும் செய்கிறது, எல்லாக் கடையிலும் அடுக்கியிருக்கிறது, அதனால் விலை இறங்கியிருக்கிறது. சாதாரணக் கம்பனி டயர் ஒன்று நூறு டொலரைச் சுற்றித் தொடங்கும், முதல்தரமானது இருநூறுக்குள் முடியும். அதே கம்பனி, அதே டயர், 18 அங்குலத்தில் கேளுங்கள், வித்தியாசம் தெரியும். 19-உம் 20-உம் போனால் சில நல்ல வின்டர் டயர்கள் அந்த அளவில் வருவதே இல்லை.

ஒடுங்கிய டயர் பனிக்குள் ஆழமாக வெட்டி இறங்கும். அகன்ற டயர் பனியின் மேலே ஏறி மிதக்கப் பார்க்கும். ஈரச் சேறாகக் கிடக்கும் பனியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அத்தோடு பக்கச் சுவர். 215/40 ஆர்18 டயரின் பக்கச் சுவர் 86 மி.மீ., 205/55 ஆர்16-இல் அது 113 மி.மீ. பெப்ரவரி, மார்ச்சில் உறைந்தும் உருகியும் வீதிகள் பெயர்ந்து கிடக்கும்போது அந்த ஓர் அங்குல ரப்பர்தான் உங்கள் றிம்மின் காவல். ஹொண்டா சிவிக் டைப் ஆர், 2017-இல் வந்த தலைமுறை, 245/30 ஆர்20 டயரோடு வந்தது. பக்கச் சுவர் 74 மி.மீ.கூட இல்லை. அதோடு மார்ச் மாதத்தில் எக்ளின்டன் வீதியில் ஓடுவதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

றிம் வாங்குவதில்தான் ஆட்கள் பணத்தைத் தொலைக்கிறார்கள், ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஒரு றிம் உங்கள் காருக்குப் பொருந்த நாலு விஷயம் ஒத்துவர வேண்டும்: போல்ட் வட்டம், நடு ஓட்டை, ஆஃப்செட் (ஹப்பில் பொருந்தும் முகம் றிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது), பிரேக்குக்கு இடம். விற்கிறவர் முதலாவதை மட்டும்தான் விளம்பரத்தில் போடுவார்.

பி.ஆர்.இசட், 86 இரண்டுக்கும் போல்ட் வட்டம் 5×100. அதாவது ஐந்து போல்ட், 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில். நடுவில் ஹப்பின் விட்டம் 56.1 மி.மீ. இப்போது கதையைக் கேளுங்கள். ஒரு தம்பி டொயோட்டா 86 வைத்திருக்கிறார். கொரோலா றிம் நாலு, இரும்பு, மலிவாக விளம்பரத்தில் வருகிறது. அதுவும் 5×100. டொயோட்டாவுக்கு டொயோட்டா, யோசிக்க என்ன இருக்கிறது என்று வாங்கிவந்துவிடுகிறார். வீட்டில் வந்து மாட்டினால் ஹப்பில் ஏறாது. கொரோலாவின் நடு ஓட்டை 54.1 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் சிறிசு. காரணம், 86 பெயரளவில்தான் டொயோட்டா. அதைக் கட்டியது ஜப்பானில் குன்மாவில் உள்ள சுபாருவின் ஆலை, ஹப்பும் சுபாருவின் ஹப். ஆகவே டொயோட்டா 86-க்குக் கொரோலா றிம் ஏறாது, 2010களின் சுபாரு இம்ப்ரேசா றிம் கச்சிதமாக உட்காரும். அதே 5×100, அதே 56.1. நட்டின் புரியும் சுபாருவின் எம்12×1.25, டொயோட்டாவின் வழமையான 1.5 அல்ல. கொரோலா நட்டை இம்பாக்ட் துப்பாக்கியால் ஏற்றினால் போல்ட்டின் புரி நாசம்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். சுபாருவின் டபிள்யூ.ஆர்.எக்ஸ் 2014 வரைக்கும் 5×100. 2015-இலிருந்து 5×114.3. டபிள்யூ.ஆர்.எக்ஸ் எஸ்.டி.ஐ. 2005-லேயே மாறிவிட்டது. "சுபாரு றிம்" என்று மட்டும் எழுதியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்துக் காசை அனுப்பாதீர்கள். நான்காம் தலைமுறை வொக்ஸ்வாகன் கோல்ஃப் றிம்மும் 5×100-தான், நடு ஓட்டை 57.1, ஒரு மெல்லிய வளையம் போட்டால் உட்காரும் போலத் தெரியும். ஆனால் வொக்ஸ்வாகன் போல்ட் உட்காரும் குழி உருண்டை வடிவம். சுபாரு நட் கூம்பு வடிவம். கூம்பு உருண்டைக் குழிக்குள் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். இறுக்கியது போலவே இருக்கும், ஓட ஓடத் தளரும். சில்லு கழன்ற கதைகளுக்குப் பின்னால் இந்த மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும்.

புதிதாகக் கடையில் விற்கும் பொதுவான அலோய் றிம்களுக்கு நடு ஓட்டை பெரிதாக, அநேகமாக 73.1 மி.மீ. இருக்கும், பல கார்களுக்கும் போடலாம் என்பதற்காக. உங்கள் ஹப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம் போட வேண்டும். சில டொலர்தான். அதைப் போடாமல் விட்டால் 100-இல் ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பலன்ஸ் பிழை என்று நினைத்து இரண்டு மூன்று தரம் கடைக்கு நடப்பீர்கள்.

பிரேக்குக்கு இடம் இருக்கிறதா என்பதை எந்தக் கணக்காலும் முழுக்கச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஒரே 16 அங்குல றிம்மிலும் உட்புறத்தின் வளைவு மாடலுக்கு மாடல் வேறு. மாட்டிப் பார்ப்பதே வழி. டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் றிம் ஒன்றை எடுத்து, முன் சில்லைக் கழற்றிவிட்டு, ஹப்பில் வைத்து, மூன்று நட்டைக் கையால் இறுக்கி, மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கலிப்பரின் முதுகுக்கும் றிம்மின் உட்சுவருக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது வெளிச்சம் தெரிய வேண்டும். ஆரங்களின் பின்புறத்தையும் பாருங்கள், பல றிம்கள் அங்கேதான் கலிப்பரில் உரசும். உட்சுவரில் பலன்ஸ் ஈயம் ஒட்டப் போகிறார்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள், அதற்கும் இடம் வேண்டும். டயர் ஏற்றிய றிம்மை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது, வெறும் றிம்மைப் பல கடைகள் எடுக்கும். பிறெம்போ பிரேக்கோடு வந்த பி.ஆர்.இசட்டோ 86-ஓ என்றால் 16 அங்குலத்தை மறந்துவிட்டு 17-ஐத் தேடுங்கள், அதையும் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

மஸ்டாங் வைத்திருப்பவர்களே, உங்களுக்கு இரண்டு செய்தி. அடிப்படை எக்கோபூஸ்ட்டை ஃபோர்ட் 17 அங்குலம், 235/55 அளவில் விற்றிருக்கிறது, அதையே எடுங்கள். ஆனால் ஜி.டி. பெர்ஃபோமன்ஸ் பாக்கேஜ் என்றால் முன் பிரேக் தட்டு 380 மி.மீ. அதற்கு 17 ஏறாது. 18-இலும் எல்லா வடிவமும் ஏறாது. இரண்டாவது செய்தி: அந்தக் காருக்கு முன்னால் 255, பின்னால் 275 என்று இரண்டு அகலம். குளிர்காலத்துக்கு அந்த ஏற்பாடு வேண்டாம். நாலுக்கும் 235/50 ஆர்18 போடுங்கள், அது சாதாரண ஜி.டி.யின் சொந்த அளவு. நாலும் ஒரே அளவென்றால் முன்னுக்குப் பின் மாற்றிப் போடலாம், பின்சில்லு முதலில் தேய்ந்து போகிற காருக்கு அது ஒரு முழு வருட ஆயுள். பின்பக்கம் ஒடுங்கினால் குதிரைச் சக்தியைக் கொட்ட முடியாதே என்று ஒரு தம்பி கவலைப்பட்டார். ஜனவரியில் எங்கே கொட்டப் போகிறீர்கள்?

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்சில்லு இழுக்கிற கார்தானே, பின்னுக்கு மட்டும் இரண்டு வின்டர் டயர் போதும் என்று செலவைப் பாதியாக்கப் பார்க்காதீர்கள். புறப்படும். வளைவில் திரும்பாது. நிற்கும்போது பிரேக்கின் பெரும்பங்கு முன்சில்லுகளில். அங்கே விறைத்த கோடை டயர் இருந்தால் பின்னால் இருக்கும் புது டயர் வேடிக்கை பார்க்கும். நாலு, அல்லது ஒன்றும் வேண்டாம்.

இரும்பா அலோயா? பணம் இறுக்கமென்றால் இரும்பு. பாரம் கூட, அழகில்லை, உப்பில் துருப்பிடிக்கும், ஆனால் கிடங்கில் விழுந்து நெளிந்தால் அதிகம் கவலைப்படாமல் இன்னொன்று வாங்கலாம். ஸ்போர்ட்ஸ் காரின் பெரிய கலிப்பருக்கு இரும்பு றிம் பல சமயம் இடம் கொடுக்காது என்பதுதான் தடை. அப்படியானால் பழைய கம்பனி அலோய், கீறல் விழுந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, மலிவான புது அலோயைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. வாங்கும்போது முன்முகத்தை விடுங்கள், திருப்பிப் போட்டு உள்விளிம்பைப் பாருங்கள். நெளிவும் வெடிப்பும் அங்கேதான் இருக்கும், விளம்பரப் படத்தில் அந்தப் பக்கம் வராது. முடிந்தால் டயர் கடையில் பலன்ஸ் இயந்திரத்தில் ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் காரோடு வந்த மினுக்கிய றிம்மில் வின்டர் டயர் ஏற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஒன்ராறியோ வீதிகளின் உப்பு அந்த மினுக்கத்தின் மேற்பூச்சுக்கு அடியில் புகுந்தால் வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் போல ஒரு அரிப்புப் பரவும். பிறகு அதை உரித்துப் பூசுவதற்கு ஒரு றிம்மின் விலை. அத்தோடு வருடத்துக்கு இரண்டு தரம் டயரை றிம்மிலிருந்து உரித்து ஏற்றும் கூலி, பலன்ஸ் கூலி. இரண்டாவது றிம் செட் ஒரு சில குளிர்காலத்திலேயே தன் விலையை மீட்டுவிடும்.

டயரைத் தேர்வதில் ஆட்கள் நினைக்கும் அளவுக்குக் குழப்பம் இல்லை. பக்கச் சுவரில் மூன்று மலை உச்சியும் நடுவில் ஒரு பனித் துகளும் உள்ள அடையாளம் இருக்கிறதா பாருங்கள். 1999-இல் வந்த அடையாளம் அது, பனியில் சோதித்துப் பார்த்த டயருக்கு மட்டும் கிடைக்கும். வெறும் எம்+எஸ் என்ற எழுத்துக்குச் சோதனை ஒன்றும் தேவையில்லை. அந்த அடையாளம் உள்ள டயரிலும் இரண்டு குணம் உண்டு. ஒன்று ஐஸுக்கென்று மிக மெதுமையாகச் செய்தது: பிரிஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூ.எஸ். வரிசை, மிஷெலின் எக்ஸ்-ஐஸ், நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர் வரிசை. மற்றது வேகத்துக்கும் ஸ்டியரிங் உணர்வுக்கும் இடம் கொடுத்துச் செய்தது: மிஷெலின் பைலட் ஆல்பின், பிரெல்லி சொட்டோசீரோ. ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் இயல்பாக இரண்டாவதற்குப் போவார்கள். தினமும் 401, 407 என்று உப்பிட்ட பெருந்தெருவிலேயே ஓடுபவருக்கு அது சரி. பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, பனி தள்ளும் உழவு வண்டி கடைசியாக வரும் ஒரு குறுக்குத் தெருவில் காரை நிறுத்தி, காலை ஆறு மணி வேலைக்குப் போகிறவருக்கு முதலாவது வகைதான் நல்லது. ஸ்டியரிங் மந்தமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். விலையில் நடுத்தரமான ஜெனரல் ஆல்டிமக்ஸ் ஆர்க்டிக், டொயோ ஒப்சர்வ் மாதிரி டயர்களுக்கும் அந்த மலை அடையாளம் உண்டு, வெட்கப்படாமல் வாங்கலாம். ஆணி பதித்த டயர் தென் ஒன்ராறியோவில் சட்டப்படி கூடாது, வடக்கே வசிப்பவர்களுக்கு மட்டுந்தான்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 3821 என்றால் 2021-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். தவாளிப்பு ஆழமாக இருந்தாலும் எட்டு, ஒன்பது வயதான வின்டர் டயரின் ரப்பர் காய்ந்துபோயிருக்கும், நகத்தால் அழுத்தினால் தெரியும். ஆழத்தைப் பொறுத்தவரை, 4 மி.மீ.க்குக் கிட்டத் தேய்ந்த டயரைப் பனி மூடிய வீதியில் ஓட வேண்டாம் என்பது கனடியப் போக்குவரத்து அமைச்சின் அறிவுரை. புது வின்டர் டயர் 8, 9 மி.மீ. இருக்கும். "70 வீதம் மிச்சம்" என்று விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள்.

கொண்டோவில் இருக்கிறவர்களுக்கு டயர் வைக்க இடம் இல்லை என்பது உண்மையான பிரச்சினை. பணம் கட்டினால் சில கடைகள் வைத்துக் கொடுக்கும். அதுவும் முடியாதென்றால் மலை அடையாளம் உள்ள, வருடம் முழுவதும் ஓடும் ஓல்-வெதர் டயரைப் போடுங்கள். கோடையில் உங்கள் காரின் சுவை குறையும், ஆனாலும் ஜனவரியில் கோடை டயரோடு ஓடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். குளிர்காலத்துக்கென்று ஒரு பழைய கொரோலா வாங்குவேன் என்பவர்கள் முதலில் ஒன்ராறியோவில் இரண்டாவது காருக்குக் காப்புறுதி விலை கேட்டுவிட்டு வாருங்கள். டயர் செட் ஒன்றின் விலை அதன் பக்கத்தில் சின்னதாகத் தெரியும்.

காப்புறுதி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் எல்லாக் காப்புறுதிக் கம்பனியும் வின்டர் டயருக்குக் கழிவு கொடுத்தாக வேண்டும். தாங்களாக நினைவூட்ட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். இங்கே டயர் கட்டாயம் இல்லை. கியூபெக்கில் 2008 முதல் கட்டாயம். அங்கே பதிவான கார்களுக்கு இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, மீறினால் 200 முதல் 300 டொலர் தண்டம். மொன்றியலில் படிக்கப் போய் அங்கேயே காரைப் பதிவு செய்தவர்களுக்கு ஆகவே இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை.

மாற்றும் வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம், ஒரு நல்ல ஜாக்கும் தாங்கிகளும் டோர்க் ரெஞ்சும் இருந்தால். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் உரசிவிடுங்கள், துருவின் மேல் உட்கார்ந்த றிம் சரியாக உட்கார்ந்த றிம் அல்ல. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். நட்டை நட்சத்திர ஒழுங்கில் இறுக்க வேண்டும். பி.ஆர்.இசட், 86-க்கு 120 நியூட்டன் மீட்டர், 2015-க்குப் பிந்திய மஸ்டாங்குக்கு 204. மற்றக் கார்களுக்கு உரிமையாளர் கையேட்டில் இருக்கிறது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்ப ஒரு தரம் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். கடையில் மாற்றினாலும் இதைச் செய்யுங்கள்.

காற்றழுத்தம் குளிரில் இறங்கும், ஏறத்தாழ ஒவ்வொரு ஐந்தரை டிகிரிக்கும் ஒரு பி.எஸ்.ஐ. சூடான கராஜுக்குள் 20 டிகிரியில் அடித்த காற்று வெளியே மைனஸ் 15-இல் ஆறு பி.எஸ்.ஐ. குறைந்து நிற்கும். டயரில் அழுத்தம் காட்டும் சென்சர் அமெரிக்காவில் கட்டாயம், கனடாவில் இல்லை. ஆகவே வின்டர் செட்டுக்கு சென்சர் வாங்காமல் செலவை மிச்சம் பிடிக்கலாம். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று ஏப்ரல் வரை எரியும், அதற்குப் பதிலாக நீங்கள் கையால் அழுத்தம் பார்க்க வேண்டும். பார்ப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க மாட்டீர்கள் என்றால் சென்சரை வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தாலும் காரின் வயிறு நிலத்திலிருந்து ஒரு சாண்கூட உயரமில்லை. உழவு வண்டி உங்கள் வாசலில் குவித்துவிட்டுப் போன பனி மேட்டில் ஏறினால் வயிறு உட்கார்ந்து சில்லு காற்றில் சுழலும், உலகத்தின் எந்த டயரும் உதவாது. அப்படியான நாளில் பஸ்ஸில் போங்கள், அல்லது வீட்டில் இருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது கார் வாங்கியவர்களுக்கு அல்ல, விற்றவர்களுக்கு. கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, இரண்டு கதவுக் காரை விற்றுவிட்டு வானுக்கு மாறிய அண்ணன்மார் பலரின் பேஸ்மென்டில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், அந்த வின்டர் செட் இன்னும் கிடக்கிறது. வயது கூடக் கூட அது பெறுமதி இழக்கும். நவம்பரில் முதல் பனி விழும் வாரத்தில் கடைகளில் வரிசை நிற்கும், பிள்ளைகள் அவசரத்தில் கிடைத்ததை வாங்குவார்கள். அதற்கு முன், செப்டெம்பரிலேயே வெளியே எடுங்கள். விளம்பரத்தில் போல்ட் வட்டம், நடு ஓட்டை, ஆஃப்செட், டாட் இலக்கம், தவாளிப்பின் ஆழம் ஐந்தையும் எழுதுங்கள். உள்விளிம்பின் படத்தையும் போடுங்கள். நியாயமான விலை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்மாரில் ஒருவன்